ஏழு நெல்மணி எங்க போச்சு? வேளாண் லேப்ல பயோசேஃப்டி எப்படி நடக்குதுன்னு ஒரு ஆரம்பப் பாடம்

ரிஜிஸ்டர்ல 186னு எழுதியிருக்கு, கவரைப் பிரிச்சு எண்ணினா 179 தான் வருது. மறுபடி எண்ணினோம், 179. மூணாவது தடவை வேற ஆள் எண்ணினாங்க, அதே 179. நான் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல புராஜெக்ட் அசிஸ்டன்ட்டா இருந்தப்போ நடந்தது இது, அந்த நெல் கடையில வாங்குற சாதா விதைநெல் கிடையாது, வேற உயிர்ல இருந்து எடுத்த ஜீனை உள்ள வச்சு எங்க லேப்லயே உருவாக்கின செடியில காய்ச்ச விதை. சாயங்காலம் நாலரை மணி இருக்கும், எங்க சார் சத்தம் போடல, "கணக்கு சரியாகுற வரைக்கும் யாரும் கிளம்ப வேணாம்பா"ன்னு மட்டும் சொல்லிட்டு அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டார்.

எனக்கு அப்போ எரிச்சலா தான் இருந்துச்சு. ஏழு நெல்லுக்கா இவ்ளோ பாடு, எறும்பு இழுத்துட்டுப் போயிருக்கும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். எறும்பு இழுத்துட்டுப் போயிருந்தா அது தான் பிரச்சனையே, அந்த ஏழு நெல்மணிக்குப் பின்னாடி ஒரு மத்திய சட்டமும் ஆறு கமிட்டியும் நிக்குதுன்னு எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆச்சு. இந்தத் துறைக்குப் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கும், செய்தியில ஜிஎம் பயிர்னு, அதாவது ஜீன் மாத்தின பயிர்னு வந்தா என்னன்னே தெரியாம பயப்படுறவங்களுக்கும் சேர்த்து அதைத் தான் எழுதுறேன்.

முதல்ல ரீகாம்பினன்ட் டிஎன்ஏன்னா என்ன. ஒரு உயிரோட டிஎன்ஏல இருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, இன்னொரு உயிரோட டிஎன்ஏ கூட ஒட்டி வைக்கிறது, அவ்ளோ தான். வெட்டுறதுக்குன்னு ஒரு என்சைம், ஒட்டுறதுக்குன்னு ஒரு என்சைம், எல்லாம் சின்ன டியூப்ல ஃப்ரீசர்ல இருக்கும். நம்ம ஊர்ல ஒட்டு மாங்கன்னு கட்டுறதை எல்லாரும் பாத்திருப்போம், நாட்டு மாங்கன்னு மேல நல்ல ரகத்துக் குச்சியை வச்சுக் கட்டுவாங்க. இதுவும் அப்படித்தானேன்னு கேப்பாங்க, கிடையாது. அந்த ஒட்டு மரத்துல வேர்ப்பக்கத்து மரபணு வேற, மேல் பக்கத்து மரபணு வேற, ரெண்டும் கலக்காம அது அது தனியா இருக்கும், கட்டின வேலை அந்த ஒரு மரத்தோட நின்னுடும், கொட்டையில இறங்காது. ரீகாம்பினன்ட் டிஎன்ஏ அப்படி நிக்காது, செல்லுக்குள்ள மரபணுவுலயே போய் உக்காந்துடுது, விதையில வரும், மகரந்தத்துல வரும், பேரன் பேத்தி வரைக்கும் வரும். வேளாண் லேப்ல விதையை எண்ணி எண்ணி வைக்கிறதுக்குக் காரணம் இது தான்.

செடிக்குள்ள ஜீனைக் கொண்டு போறதுக்கு ரொம்பப் பேர் நம்பி இருக்கிறது அக்ரோபாக்டீரியம்னு ஒரு மண் பாக்டீரியாவை. இது இயற்கையிலயே செடியோட காயத்துக்குள்ள புகுந்து தன்னோட டிஎன்ஏ துண்டு ஒண்ணை செடியோட டிஎன்ஏக்குள்ள சொருகி, அடித்தண்டுல கழலை மாதிரி ஒரு கட்டியை வர வச்சிடும். விஞ்ஞானிங்க அந்தக் கட்டி வர வைக்கிற ஜீனை எடுத்துட்டு அந்த இடத்துல நமக்கு வேணுங்கிற ஜீனை வச்சு விட்டாங்க, வண்டி அதே வண்டி தான், சரக்கு மட்டும் மாறிடுச்சு. நெல்லுன்னா விதைக்கருவுல இருந்து மஞ்சளா உருண்டை உருண்டையா ஒரு திசு வளர்த்து, அதை இந்த பாக்டீரியா கூட ரெண்டு மூணு நாள் சேர்த்து வச்சு, அப்புறம் செஃபோடாக்சிம் மாதிரி ஒரு ஆன்டிபயாடிக் போட்டு பாக்டீரியாவைக் கொன்னுட்டு, ஜீன் ஏறின திசுவை மட்டும் பொறுக்கி செடியாக்குவாங்க. இதுல நிறைய பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு, அந்த பாக்டீரியா சில சமயம் முழுசா சாகாம செடியோட செல் இடுக்குல ஒளிஞ்சு வாரக்கணக்குல இருந்துடும். செடியை மண்ணுக்கு மாத்தினா அதுவும் கூடவே மண்ணுக்குப் போகும். அதனால தான் தொட்டிக்கு மாத்துறதுக்கு முன்னாடி செடி சுத்தமா இருக்கான்னு டெஸ்ட் பண்ணச் சொல்றாங்க.

சரி, இதுல பயப்பட என்ன இருக்கு? பொத்தாம் பொதுவா "ஆபத்து"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல, எந்த ஜீன், எந்தப் பயிர், எங்க வளரப் போகுதுன்னு ஒவ்வொண்ணா தான் கேக்கணும். முதல் கவலை, வச்ச ஜீன் மகரந்தம் வழியா வேற செடிக்குப் போயிடுமோங்கிறது. கடுகுன்னா தேனீ மகரந்தத்தைத் தூரமா எடுத்துட்டுப் போகும். நெல்லு பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே காய் பிடிக்கும், அந்த மகரந்தமும் சில நிமிஷத்துல செத்துடும், ஆனா பக்கத்துலயே காட்டு நெல் இருந்தா அது வேற கதை. கத்திரிக்கு நம்ம நாட்டுலயே சொந்தக்காரக் காட்டுச் செடிங்க வேலியோரம் நிக்குது.

சாப்பாட்டுப் பக்கம் பாத்தா, பிரேசில் நட் கதையை நான் எல்லாருக்கும் சொல்லுவேன். அமெரிக்காவுல பயனியர் கம்பெனி சோயாவுல மெத்தியோனின் சத்து கம்மியா இருக்குன்னு பிரேசில் நட்ல இருந்து ஒரு புரோட்டீன் ஜீனை எடுத்து சோயாவுல வச்சாங்க, எண்ணம் நல்ல எண்ணம் தான், கால்நடைத் தீவனத்துக்கு. பிரேசில் நட் சாப்ட்டா அலர்ஜி வர்றவங்க ரத்தத்துல இருந்து எடுத்த சீரத்தை இந்த சோயா புரோட்டீன் கூட வச்சு டெஸ்ட் பண்ணினா, அது கச்சிதமா ஒட்டிக்குது. அவங்க எடுத்த ஜீன் தான் அந்தக் கொட்டையோட முக்கியமான அலர்ஜி புரோட்டீன்! 1996ல ஆய்வு வெளிவந்துச்சு, அந்த சோயா கடைக்கு வரவே இல்ல, திட்டத்தையே கைவிட்டுட்டாங்க. இதை ஜிஎம் எதிர்க்கிறவங்க ஒரு விதமா சொல்லுவாங்க, ஆதரிக்கிறவங்க இன்னொரு விதமா சொல்லுவாங்க, எனக்கு அதுல தெரியுறது ஒண்ணே ஒண்ணு, யாரோ ஒருத்தர் சரியான நேரத்துல சரியான கேள்வியைக் கேட்டிருக்காங்க. அந்தக் கேள்வியைக் கேக்குறதை ஒருத்தரோட நல்ல மனசுக்கு விட்டுடாம, கட்டாயம் கேட்டே ஆகணும்னு ஆக்குறதுக்குப் பேர் தான் பயோசேஃப்டி மேற்பார்வை.

இது எப்படி ஆரம்பிச்சுதுன்னா, எழுபதுகள்ல இந்த டெக்னிக் வந்தவுடனே முதல்ல கவலைப்பட்டது விஞ்ஞானிங்களே தான். பால் பெர்க்ங்கிறவர் குரங்கு வைரஸ் டிஎன்ஏவை வச்சு வேலை பாத்துட்டு இருந்தார், அது ஈ.கோலைக்குள்ள போனா, அந்த பாக்டீரியா மனுஷக் குடல்லயும் வாழுமே, என்ன ஆகும்னு கூட இருக்கிறவங்க கேட்டாங்க. அவர் அந்தப் படியை நிறுத்தி வச்சார். 1974ல இவரும் இன்னும் சிலரும் சேர்ந்து சில வகை சோதனையை எல்லாரும் கொஞ்ச காலம் தள்ளி வைங்கன்னு கேட்டாங்க, 1975 பிப்ரவரில கலிஃபோர்னியாவுல அசிலோமர்ங்கிற இடத்துல கூடிப் பேசினாங்க, 1976ல அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் முதல் வழிகாட்டு விதிகளை வெளியிட்டுச்சு. தங்களோட வேலையைத் தாங்களே நிறுத்தி வச்ச விஞ்ஞானிங்களை நினைச்சா இன்னைக்கும் எனக்கு மரியாதையா இருக்கு.

வயலுக்கு இந்தப் பிரச்சனை வந்தது எண்பதுகள்ல. சூடோமோனாஸ் சிரிங்கேன்னு ஒரு பாக்டீரியா இலை மேல இருக்கும், பனிக்கட்டி உறையுறதுக்கு அது தூண்டுதலா இருக்கும், அதோட அந்த ஒரு ஜீனை எடுத்துட்டா செடி உறைபனியில தப்பிக்கும்னு கண்டுபிடிச்சாங்க. இதை வெளியில தெளிக்க அனுமதி கேட்டு கோர்ட் வரைக்கும் போயி வருஷக்கணக்குல இழுத்துச்சு. நடுவுல இதைச் சோதிக்க அனுமதி கேட்டிருந்த ஒரு அமெரிக்கக் கம்பெனி அனுமதி இல்லாமலே தன் கட்டடத்து மொட்டை மாடியில இருந்த மரங்கள்ல அந்த பாக்டீரியாவை ஊசி போட்டுச் சோதிச்சது வெளிய வந்து அபராதம் கட்டினாங்க. கடைசில 1987 ஏப்ரல்ல ஒரு ஸ்ட்ராபெர்ரி வயல்ல தெளிச்சாங்க, அந்த பாக்டீரியாவால பெருசா கெடுதல் எதுவும் நடக்கல. ஆனா மொட்டை மாடி விஷயம் மக்களோட நம்பிக்கையை உடைச்சது உடைச்சது தான்.

இப்ப நம்ம நாட்டுக்கு வருவோம். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1986ல சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சுல்ல, அதுக்குக் கீழ தான் 1989 டிசம்பர்ல ஜீன் மாத்தின உயிர்களுக்கான விதிகள் வந்துச்சு. சுருக்கமா 1989 ரூல்ஸ்னு சொல்லுவாங்க. அதாவது நம்ம சட்டத்துக்கு முன்னாடி ஜீன் மாத்தின நெல்லு ஒரு விவசாயச் சமாச்சாரம் மட்டும் கிடையாது, சுற்றுச்சூழல் சமாச்சாரம். 1990ல உயிரித் தொழில்நுட்பத் துறை, டிபிடி, லேப்ல என்ன எப்படிச் செய்யணும்னு வழிகாட்டு விதிகள் போட்டுச்சு, நடுவுல திருத்தி, இப்ப நடைமுறையில இருக்கிறது 2017ல வந்தது.

ஆறு கமிட்டின்னு சொன்னேன். ஆலோசனை சொல்ற ஆர்டிஏசி, ஒவ்வொரு நிறுவனத்துலயும் இருக்க வேண்டிய பயோசேஃப்டி கமிட்டியான ஐபிஎஸ்சி, டிபிடில இருந்து ஆராய்ச்சியைக் கண்காணிக்கிற ஆர்சிஜிஎம், சுற்றுச்சூழல் அமைச்சகத்துல இருந்து வெளிய விடலாமான்னு பாக்குற ஜிஇஏசி, அப்புறம் மாநிலத்துக்கு ஒண்ணு, மாவட்டத்துக்கு ஒண்ணு. மாவட்டக் கமிட்டிக்குத் தலைவர் கலெக்டர் தான். பேப்பர்ல நல்லா இருக்கு, நடைமுறையில மாவட்டக் கமிட்டின்னு ஒண்ணு இருக்கிறதே பல பேருக்குத் தெரியாது, எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு, ஏன்னா வயல் பக்கத்துல இருக்கிறது அது மட்டும் தான்.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க ஜிஇஏசியை மனப்பாடம் பண்ணுவாங்க, டிவிலயும் அது பேர் தான் அடிபடும். ஆனா தினசரி பாதுகாப்புங்கிறது ஐபிஎஸ்சி கையில தான் இருக்கு. டெல்லில உக்காந்து இருக்கிறவங்க ஃபைலைப் பாப்பாங்க, ஐபிஎஸ்சி ஆளு, செடி வளர்க்கிற வலைக்கூடமான நெட் ஹவுஸோட கதவு சரியா சாத்துதான்னு பாக்க முடியும். நிறுவனத் தலைவர் இல்லன்னா அவர் சொல்ற மூத்தவர் தலைவரா இருப்பார், உள்ள வேலை பாக்குற விஞ்ஞானிங்க சில பேர், வெளியில இருந்து ஒரு நிபுணர், டிபிடி அனுப்புற ஒரு பிரதிநிதி, பயோசேஃப்டி ஆபீசரா ஒரு டாக்டர், மருந்து எழுதுற டாக்டர் தான். செடி லேப்ல டாக்டர் எதுக்குன்னு நானும் கேட்டிருக்கேன். வேலை செய்றவங்க கையில கீறிக்கிட்டா, கண்ணுல தெறிச்சா, கர்ப்பமா இருக்கிற ஒரு பொண்ணு எந்த கெமிக்கலைத் தொடக்கூடாதுன்னு சொல்ல ஆள் வேணும்ல. வருஷத்துக்குக் குறைஞ்சது ரெண்டு தடவை கூடணும், வருஷா வருஷம் ஆர்சிஜிஎம்முக்கு ரிப்போர்ட் அனுப்பணும், மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கமிட்டியைப் புதுப்பிக்கணும்.

எல்லா சோதனைக்கும் ஒரே கெடுபிடி கிடையாது. லேப்ல காலம் காலமா வச்சிருக்கிற பலவீனமான ஈ.கோலைல ஆபத்தில்லாத ஒரு ஜீனை வைக்கிறீங்கன்னா ஐபிஎஸ்சிக்குத் தகவல் சொன்னா போதும். அடுத்த படியில ஐபிஎஸ்சி அனுமதி கொடுத்த பிறகு தான் தொடங்கணும். அதுக்கும் மேல போனா, உதாரணத்துக்கு நச்சுப் புரோட்டீன் ஜீனோ கடுமையான நோய்க்கிருமியோ சம்பந்தப்பட்டா, ஐபிஎஸ்சி பாத்து ஆர்சிஜிஎம்முக்கு அனுப்பி அங்க இருந்து அனுமதி வரணும். எந்தப் படின்னு முதல்ல முடிவு பண்றது யாரு? வேலையைச் செய்யப் போற விஞ்ஞானியே தான். அந்தப் படிவத்தை அவர் நேர்மையா நிரப்பினா தான் மேல இருக்கிற எல்லாமே வேலை செய்யும்.

இப்ப நெட் ஹவுசுக்குள்ள வாங்க. ரெண்டு கதவு இருக்கும், ஒண்ணைச் சாத்திட்டு தான் இன்னொண்ணைத் திறக்கணும், நடுவுல ஒரு ஆள் நிக்கிற இடம், அங்க தான் கோட்டையும் செருப்பையும் மாத்தணும். வலை ரொம்ப நெருக்கமா இருக்கும், பூச்சி உள்ள வந்து மகரந்தத்தை எடுத்துட்டுப் போகக் கூடாது. வடிகால்ல ஒரு சல்லடை, தண்ணியோட விதை ஓடிடக் கூடாதுன்னு. கதிர் வெளிய வந்தவுடனே ஒவ்வொரு கதிருக்கும் பட்டர் பேப்பர் கவர் போட்டு கிளிப் அடிச்சு, கவர் மேல செடி நம்பரை பென்சில்ல எழுதுவோம், பேனாவுல எழுதினா தண்ணி பட்டா அழிஞ்சிடும். அறுவடை முடிஞ்சா வைக்கோல், வேர், தொட்டி மண்ணு எல்லாம் ஆட்டோகிளேவுக்கு, அதாவது பெரிய பிரஷர் குக்கர் மாதிரி நீராவிக் கருவிக்கு, 121 டிகிரில வேக வச்சு தான் வெளிய போகணும். மண்ணுன்னா, பாக்டீரியா வளர்க்கிற சாதா மீடியாவுக்கு வைக்கிற இருபது நிமிஷம் பத்தாது, நடுப்பகுதி சூடாக நேரமாகும், பை மேல ஒட்டின டேப்ல கறுப்புக் கோடு விழுந்துட்டா வெந்துடுச்சுன்னு நினைச்சு ஏமாறக் கூடாது, அந்தக் கோடு வெளிப்பக்கம் சூடானதைத் தான் சொல்லுது. எங்க நெட் ஹவுஸ்ல தண்ணி ஊத்துற அக்கா ஒருத்தங்க இருந்தாங்க, எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, கிளம்புறப்போ தினமும் புடவைக் கொசுவத்தை உதறிட்டு குனிஞ்சு பாத்துட்டு தான் வெளிய வருவாங்க. யாரும் சொல்லிக் குடுக்கல. "துணியில ஒட்டிக்கிட்டு வந்துடும்யா, களத்துல நான் பாக்காததா"ன்னு சொன்னாங்க. எந்த கைடுலயும் இல்லாத விதி அது, கடைசில நாங்க எழுதி ஒட்டினோம்.

அந்த ஏழு நெல்மணிக்கு என்ன ஆச்சுன்னா, ராத்திரி எட்டு மணி வரைக்கும் தேடினோம். அஞ்சு நெல்மணி கவரோட ஒட்டு மடிப்புக்குள்ள சிக்கியிருந்துச்சு. ரெண்டு கிடைக்கவே இல்ல. சார் ரிஜிஸ்டர்ல சிவப்பு மையில "2 விதை கணக்கில் வரவில்லை"ன்னு தேதி போட்டு எழுதி கையெழுத்து போட்டார், பயோசேஃப்டி ஆபீசருக்கும் ஐபிஎஸ்சிக்கும் கடிதம் போச்சு. மறுநாள் தரையைக் கூட்டின குப்பை மொத்தமும் ஆட்டோகிளேவுக்கு. அப்புறம் மூணு வாரம் தரையில ஈரம் காயாம வச்சிருந்து, எங்கயாவது நாத்து முளைக்குதான்னு தினம் காலையில பாக்கணும்னு உத்தரவு. பன்னெண்டாவது நாள் வடிகால் சல்லடை ஓரத்துல ஒத்தை நாத்து. இலையில துளி வெட்டி பிசிஆர்னு டிஎன்ஏ டெஸ்ட் போட்டுப் பாத்தோம், நாங்க வச்ச ஜீன் இருக்குன்னு காட்டுற பேண்ட் வந்துச்சு, எங்களோடது தான். சல்லடை மட்டும் இல்லன்னா அது வாய்க்கால்ல போயிருக்கும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல். இன்னொரு விதை கடைசி வரைக்கும் கிடைக்கல, ரிஜிஸ்டர்ல அந்த ஒத்தை விதை வரவில்லைன்னு அப்படியே தான் இருக்கு.

லேப்பைத் தாண்டி வயலுக்குப் போறது படிப்படியா. முதல்ல கட்டுப்பாட்டுக்குள்ள சின்னதா ஒரு வயல் சோதனையில எந்தச் செடி வரிசை நல்லா இருக்குன்னு பொறுக்குவாங்க, அப்புறம் பிஆர்எல்-1ன்னு பயோசேஃப்டி ஆராய்ச்சியோட முதல் கட்டம், ஒரு இடத்துக்கு ஒரு ஏக்கருக்கு மேல போகாம, அப்புறம் பிஆர்எல்-2ல ரெண்டரை ஏக்கர் வரைக்கும். சுத்தி இடைவெளி, வேலி, அறுவடைக்கப்புறம் அதே நிலத்துல தானா முளைக்கிறதைப் பிடுங்கி அழிக்கிறதுன்னு எல்லாத்துக்கும் கணக்கு. எந்த மாநிலத்துல வயலோ அந்த மாநில அரசோட சம்மதமும் வேணும்.

இந்தக் கணக்கு தப்பினா என்ன ஆகும்ங்கிறதுக்கு நம்ம நாட்டுலயே பாடம் இருக்கு. 2001ல குஜராத்ல காய்ப்புழு அடிச்சு ஊரே அழுதப்போ சில வயல் மட்டும் பச்சையா நின்னுச்சு, என்னடான்னு பாத்தா நவபாரத் 151ன்னு வித்த பருத்தியில பிடி ஜீன், அதாவது காய்ப்புழுவைக் கொல்ற ஒரு பாக்டீரியா ஜீன் இருக்கு, அப்போ இந்தியாவுல எந்த பிடி பருத்திக்கும் அனுமதியே கிடையாது. பிடுங்கி எரிக்கணும்னு ஜிஇஏசி சொல்லிச்சு, விளைஞ்சு நிக்கிற பருத்தியை எந்த விவசாயி எரிப்பார், பெரும்பகுதி சந்தைக்குப் போயிடுச்சு. 2002 மார்ச்சுல தான் சட்டப்படி பிடி பருத்திக்கு அனுமதி வந்துச்சு. விதை ஒரு தடவை வெளிய போயிட்டா எந்தக் கமிட்டி உத்தரவாலயும் திரும்ப உள்ள கொண்டு வர முடியாதுன்னு இதுக்கு மேல எப்படிச் சொல்றது.

பிடி கத்திரி கதை வேற திசையில போச்சு. அதுல கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் இருந்துச்சு, கோ 2, எம்டியு 1, கேகேஎம் 1, பிஎல்ஆர் 1னு நம்ம ஊர் ரகங்கள்லயே அந்த ஜீனைக் கொண்டு வந்தாங்க. 2009 அக்டோபர்ல ஜிஇஏசி சரின்னு சொல்லிச்சு, 2010 பிப்ரவரி 9ஆம் தேதி அப்போ அமைச்சரா இருந்த ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வச்சார், இன்னும் நிறுத்தி தான் இருக்கு. பங்களாதேஷ்ல 2013ல அனுமதி கொடுத்து விவசாயிங்க பயிர் பண்றாங்க. இது சரியா தப்பான்னு சண்டை போட்டுக்கலாம். இங்க நிறுத்தி வச்ச அதே 2010ல ஜிஇஏசியோட பேர்ல இருந்த "ஒப்புதல்"ங்கிற வார்த்தையை எடுத்துட்டு "மதிப்பீடு"ன்னு மாத்தினாங்க, அது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா ஒரு கமிட்டி எதுக்கு இருக்குங்கிற கேள்விக்கே அந்த ஒத்தை வார்த்தையில பதில் மாறிப்போச்சு.

எனக்கு இந்த முறை மேல இருக்கிற பெரிய குறை இது. ஐபிஎஸ்சி தலைவர் யாரு, நிறுவனத்தோட தலைவர் தரப்பு. அந்த ஆராய்ச்சி ஜெயிச்சா பேர் வர்றதும் அதே நிறுவனத்துக்கு. தன் வீட்டுப் பிள்ளை பேப்பரைத் தானே திருத்துற மாதிரி. வெளி நிபுணரும் டிபிடி பிரதிநிதியும் அதுக்குத் தான் இருக்காங்க, அவங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டு காபி குடிச்சுட்டுப் போகாம நெட் ஹவுஸ் வரைக்கும் நடந்து வரணும்.

இது இப்போ முன்னைக்கு விட அவசரம், ஏன்னா 2022 மார்ச் 30ஆம் தேதி சுற்றுச்சூழல் அமைச்சகம் ஜீனோம் எடிட்டிங்ல ரெண்டு வகைக்கு, வெளி டிஎன்ஏ எதுவும் மிச்சம் இல்லன்னா, 1989 ரூல்ஸோட முக்கியமான விதிகள்ல இருந்து விலக்கு கொடுத்துச்சு. இருக்கிற ஜீன்லயே ஒரு சின்னத் திருத்தம், வெளி ஜீன் இல்ல, அதுக்கு ஏன் அவ்ளோ பெரிய வழின்னு கேட்டா நியாயம் தான், நானும் ஒத்துக்கிறேன். 2025 மே மாசம் அப்படி எடிட் பண்ணின ரெண்டு நெல் ரகத்தை அறிவிச்சாங்க, ஒண்ணு சம்பா மசூரில இருந்து வந்த "டிஆர்ஆர் தான் 100" (இந்தில 'தான்'னா நெல்லு), இன்னொண்ணு பூசா டிஎஸ்டி ரைஸ் 1. ஆனா எடிட் பண்றப்போ வெட்டுற கருவியோட ஜீனைப் பெரும்பாலும் அதே அக்ரோபாக்டீரியம் மூலமா செடிக்குள்ள வச்சு தான் ஆகணும், அடுத்தடுத்த தலைமுறையில அது பிரிஞ்சு போன செடியைப் பொறுக்கணும். அது வரைக்கும் அந்தச் செடி முழு ஜிஎம் செடி, நெட் ஹவுசுக்குள்ள தான் இருக்கணும். வெளி டிஎன்ஏ நிஜமாவே போயிடுச்சான்னு டேட்டாவைப் பாத்து முதல்ல சொல்ல வேண்டியது ஐபிஎஸ்சி தான்.

அதனால புதுசா லேப்ல சேர்ற தம்பி தங்கச்சிங்களுக்கு, முதல் வாரத்துலயே உங்க ஐபிஎஸ்சில வெளி ஆள் யாரு, கடைசி மீட்டிங் எப்போ நடந்துச்சு, பயோசேஃப்டி ஆபீசர் போன் நம்பர் எங்க ஒட்டியிருக்குன்னு கேளுங்க. கல்ச்சர், அதாவது பாக்டீரியா வளர்ந்த கரைசல் கொட்டிட்டா ஒளிக்காதீங்க, மேல டிஷ்யூவைப் போட்டு மூடி, பிளீச் கரைசலை ஓரத்துல இருந்து நடுவுக்கு ஊத்தி, அரை மணி நேரம் ஊற விட்டுட்டு துடைச்சு, ரிஜிஸ்டர்ல எழுதுங்க. விதை கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி மடிப்பை விரல்ல நீவிப் பாருங்க, அஞ்சு நெல்மணி அங்க தான் இருந்துச்சு.